பாப்பம் ரீச்சர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், துணி கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிற நாலு பேராவது என் வீட்டுப் படலையைத் தட்டி, "அவ எப்ப வாறாவாம்?" என்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது. காங்கேசன்துறையில் கப்பலேறி, வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்துவிட்டு ஒரு கிழமையில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர். அங்கே தங்கை வீட்டில் விசாவை நீட்டி நீட்டி இருக்கிறார் என்று கேள்வி. ஒரு கிழமை என்று அவர் சொன்னதை நம்பி வழி பார்த்திருந்தவர்கள் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை.

எங்கள் ஊர் என்று நான் சொல்வது என் கணவருடைய ஊரை. பருத்தித்துறைக்குப் பக்கத்தில், ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நெருங்கிக் கிடக்கும் வேதக்காரக் குடிமனை, எல்லோரும் கத்தோலிக்கர். ஒரு மாதா கோயில், ஒரு சங்கக் கடை, கரையில் இழுத்து வைத்த வள்ளங்கள். ரோட்டைப் பார்த்த முன்னறையில் தையல் மெசினைப் போட்டுக்கொண்டு ரீச்சர் இருந்தார். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும். பூசைக்கு வரும்போதுகூட அதைக் கழற்ற மறந்துவிடுவார். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது, கோயிலுக்கே அளவெடுக்க வந்தவர் மாதிரி இருக்கும்.

"எப்ப ரீச்சர் சட்டையை எடுக்கலாம்?" என்று கேட்டால் அவரிடம் ஒரு சொல்தான் இருந்தது.

"பாப்பம்."

பார்ப்போம் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும்தான் அப்படிச் சொல்வார்கள். மற்றவர்கள் சொன்னால் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு அர்த்தம் இருக்கும். ரீச்சர் சொன்னால் இரண்டும் இல்லை. ஊர்ப் பிள்ளைகள் அவருக்குப் 'பாப்பம் ரீச்சர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

என் தம்பியின் கலியாணத்துக்குச் சேலைச் சட்டை தைக்கக் கொடுத்தேன். ஒரு மாதத்துக்கு முதலே கொடுத்துவிட்டேன். கலியாணத்துக்கு முதல்நாள் போனபோது சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கை இருந்தது.

"மற்றக் கை?"

"வைச்சனான். பிறகு பிரிச்சுப்போட்டன்."

பழைய சட்டையோடு கலியாணத்துக்குப் போய், அண்ணன் பெண்சாதி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு கிழமை கழித்து ரீச்சர் தானே சட்டையைக் கொண்டுவந்தார்.

"ரீச்சர், கலியாணம் முடிஞ்சுது."

"ஓம், கேள்விப்பட்டனான். மாப்பிளை பொம்பிளை சுகமோ?"

அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கோபத்தோடுதான் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு சட்டை எனக்கு அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை. கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் நின்று ரீச்சர் சொன்னார்: "உங்களுக்கு இடப்பக்கத் தோள் கொஞ்சம் பதிவு, இறங்கியிருக்கு. ஆருக்கும் தெரியாது. ஆனால் சட்டைக்குத் தெரியும்."

அவர் பிந்துவது கவனத்தாலா, சோம்பலாலா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தைத்ததைப் பிரித்துப் பிரித்துத் தைப்பார், உண்மைதான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு மெசினிலேயே தலையை வைத்து நல்ல நித்திரையும் கொள்வார், அதுவும் உண்மைதான்.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் எங்கள் பங்கில் ஞானஸ்நானத்துக்குப் பெரிய பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வேலை இருந்தது.

கைக்குழந்தை என்றால் பிரச்சினை இல்லை. தூக்கிக்கொண்டு போனால் ஃபாதர் தலையில் தண்ணீரை வார்ப்பார், குழந்தை கத்தும், எல்லோரும் கேக் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் எட்டு, பத்து, பன்னிரண்டு வயதில் வருகிற பிள்ளைக்கு வாய் இருக்கிறது. அது தானே கேட்க வேண்டும், தானே விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதனால் ஞாயிறு தோறும் வகுப்பு வைத்து, படிப்பித்து, ஆயத்தம் என்று தெரிந்த பிறகு ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், முதல் நன்மை என்கிற முதல் நற்கருணை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் கொடுப்பார்கள். யார் ஆயத்தம் என்று சொல்வது ரீச்சர். முந்தி இருந்த ஃபாதர் அவரை நியமித்துவிட்டுப் போனாராம். புதிய ஃபாதர் வந்தபோது வேறு ஒருவரும் கையைத் தூக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்தால் சனத்துக்கு மீன் வாங்க வேண்டும், சமைக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். என் மகள் ஆரணி.

நான் மருதனார்மடத்துச் சைவம். என் கணவர் இந்த ஊர் வேதம். எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்று இரண்டு வீட்டுக்காரரும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நாங்கள் பதிவுக் கலியாணத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டோம். ஆரணி பிறந்ததும் சண்டை மறுபடி தொடங்கியது. "பிள்ளை வளர்ந்து தானே முடிவெடுக்கட்டும்" என்றோம். அதைப் பெரிய முற்போக்கு என்று நினைக்க வேண்டாம். சண்டையைப் பத்து வருடம் பின்போட்டோம், அவ்வளவுதான். பின்போடுகிற விசயத்தில் ரீச்சருக்கு நாங்களும் குறைந்தவர்கள் இல்லை.

பத்து வயதில் ஆரணி முடிவெடுத்தாள். மாமி மகள் மச்சாளுக்கு முதல் நன்மை நடந்த அடுத்தநாள், தனக்கும் வேண்டும் என்று வந்து நின்றாள். என் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் ஒன்றரை மாதம் லீவில் வருவார். அந்த நேரம் எங்கேயோ நடுக்கடலில் இருந்தவருக்குச் செய்தி சொன்னதும் சந்தோசம் தாங்கவில்லை. "அடுத்த லீவுக்குள்ளை முடிப்பம். நான் நிண்டு பாக்க வேணும்," என்றார்.

பிள்ளையை ரீச்சரிடம் கூட்டிப் போனேன். மெசினில் இருந்தபடியே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை உனக்கு ஞானஸ்நானம்?"

வீட்டில் நான் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன். யேசுவின் பிள்ளையாக வேண்டும் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். ஆரணி என்னை ஒருமுறை பார்த்தாள், ரீச்சரை ஒருமுறை பார்த்தாள்.

"மச்சாளுக்கு மூண்டு தட்டுக் கேக் வெட்டினவை," என்றாள்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. ரீச்சர் ஊசியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"வரச் சொல்லுங்கோ தங்கச்சி. உண்மை சொல்லுற பிள்ளை."

"எவ்வளவு காலம் செல்லும் ரீச்சர்?"

"பாப்பம்."

ஞாயிறு தோறும் பூசை முடிந்ததும் கோயில் விறாந்தையில் வகுப்பு நடக்கும். நான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, விறாந்தையின் அந்தப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருப்பேன். பூசைக்குள் போகாத, வகுப்புக்குள்ளும் வராத ஆள் நான். எல்லாம் காதில் விழும்.

ஒரு பெடியன் விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். ஒரு சொல் பிழைக்கவில்லை. நான் என்றால் கைதட்டியிருப்பேன்.

"உது கொண்டக்டர் ஊர்ப்பேர் சொல்லுற மாதிரி இருக்கு," என்றார் ரீச்சர். "உதிலை எந்த இடத்திலை உனக்குச் சந்தேகம்?"

"ஒண்டிலையும் இல்லை ரீச்சர்."

"செத்தவர் எழும்பினவராம். அதிலையும் இல்லையோ?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப நீ சொல்லேக்கை நீயே கேக்கேல்லை. அடுத்த கிழமை திருப்பிச் சொல்லு."

அடுத்த கிழமை பெடியன் யோசித்து யோசித்து, நாலு இடத்தில் தடுமாறிச் சொன்னான். ரீச்சருக்கு அதில் அவ்வளவு சந்தோசம். படித்ததை மறக்கப் பண்ணி அதற்குப் புள்ளி போடுகிற ஒரு ஆசிரியையை நான் அங்கேதான் கண்டேன்.

முதல் லீவுக்கு என் கணவர் வந்தார். ஞானஸ்நானத்துக்கு என்று துபாயில் வெள்ளைத் துணி வாங்கி வந்திருந்தார். அதைத் தைக்க ரீச்சரிடமே கொடுத்தார். அந்தக் காரியத்தில் என்னோடு யாரும் கலந்து பேசவில்லை. பிறகு ஃபாதரிடம் போய்த் திகதி கேட்டார். ஃபாதர் ரீச்சரைக் கேட்கச் சொன்னார். ரீச்சர், "பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் இப்ப வேண்டாம்," என்றார். "அப்ப எப்ப?" என்று கேட்டதற்கு என்ன சொன்னார் என்று நான் எழுதத் தேவையில்லை. என் கணவர் கப்பலுக்குப் போய்விட்டார்.

வருடம் போயிற்று. ஆரணிக்குப் பிறகு வந்து சேர்ந்த பிள்ளைகள் வெள்ளை உடுத்து, மெழுகுதிரி பிடித்து, கேக் வெட்டிவிட்டுப் போனார்கள். ஆரணி மட்டும் விறாந்தையிலேயே இருந்தாள். ஊர்க் கதை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. சங்கக் கடை வாசலில் ஒரு மனுசி என் காதுபடச் சொன்னாள்: "தாய் சைவம். பிள்ளைக்கு வேதம் ஏறாது." அன்று வீட்டுக்கு வந்து, ஒரு காரணமும் இல்லாமல் ஆரணிக்கு ஏசினேன். அவள் அப்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமைகளில் மருதனார்மடத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போனால், அங்கே ஆஞ்சநேயர் கோயிலில் நான் கும்பிட்டு முடியும்வரை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று அம்மாவே கேட்டார்.

இரண்டாவது லீவு வந்தது. இந்த முறை அவர் ஃபாதரிடம் போகவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே ரீச்சர் வீட்டுக்குப் போனார். முதல் லீவில் கொடுத்த வெள்ளைத் துணி மெசினுக்குப் பக்கத்தில் முக்கால்வாசிச் சட்டையாகக் கிடந்தது. ஆரணி வளர்ந்துவிட்டதால் விளிம்பை ஒருமுறை பிரித்து இறக்கியிருந்தது தெரிந்தது.

"ரீச்சர், நான் போனால் இனி ஒரு வருசத்தாலைதான் வருவன்."

"தெரியும் தம்பி."

"என்ரை பிள்ளையிலை என்ன குறை? அதைச் சொல்லுங்கோ."

"பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை."

"பிறகேன் மறிச்சு வைச்சிருக்கிறியள்?"

ரீச்சர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினார். விரித்தார். மறுபடி சுருட்டினார்.

"பிள்ளை ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதுக்கு மறுமொழி குடுக்காமல் கொண்டுபோய் நிப்பாட்ட எனக்கு மனமில்லை."

"என்ன கேள்வி?"

"அது அவளின்ரை கேள்வி தம்பி. நான் சொல்லேலாது."

"மறுமொழி சொல்லத்தானே ரீச்சர் உங்களை வைச்சிருக்கு?"

"ஓம்," என்றார் ரீச்சர். "அதுதான் எனக்கும் கரைச்சல்."

என் கணவர் நல்ல மனுசன். கப்பலில் எஞ்சின் சூட்டில் நின்று பழகியவர், லேசில் குரலை உயர்த்த மாட்டார். அன்று உயர்த்தினார். ஒரு சட்டையை நேரத்துக்குத் தைக்கத் தெரியாத ஆளிடம் பிள்ளையின் ஆத்துமாவைக் கொடுத்தது தங்கள் பிழை என்று சொன்னார். ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாங்கள் எழும்பியபோது, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார். குடிக்கவில்லை.

வீட்டில் ஆரணியைக் கேட்டோம். "ரீச்சர் தான் பாத்துச் சொல்லுறன் எண்டவ," என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. அவர் மறுபடி கப்பலுக்குப் போனார். இந்த முறை போகும்போது பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. அது அவருக்கே பிறகு பெரிய கவலையாக இருந்தது.

அவர் போன அடுத்த ஞாயிறோ, அதற்கு அடுத்ததோ, நல்ல மழை. வகுப்புக்கு வேறு ஒருவரும் வரவில்லை. சாரல் அடிக்கிறது என்று நான் கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்க, ரீச்சர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீங்களும் வந்து இருங்கோ."

போய் இருந்தேன். அவர் ஆரணியின் பக்கம் திரும்பினார். அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. சோதனைக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

"பிள்ளை, நீ கேட்டதுக்கு எனக்கு மறுமொழி தெரியாது. நானும் தேடித் தேடிப் பாத்திட்டன். இனிமேலும் உன்னைக் காக்க வைக்கக் கூடாது. எனக்குத் தெரியாது."

"என்ன கேட்டவள்?" என்றேன் நான்.

ஆரணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நானும் அப்பாவும் வேதம். செத்தாப் பிறகு நாங்கள் மோட்சத்துக்குப் போனால், அங்கை அம்மாவும் எங்களோடை இருப்பாவோ எண்டு."

மறுமொழி தெரியாத ஆட்கள் இப்போது இரண்டு பேர் ஆனோம். கேள்வியின் பொருளே நான்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"உண்மையாவே தெரியாதோ ரீச்சர்?"

"உண்மையாத் தெரியாது."

"ஃபாதருக்கு?"

"ஃபாதர், இருப்பா எண்டுதான் சொல்லுறார். கடவுளின்ரை இரக்கத்துக்கு வேலி இல்லையாம். நானும் அப்பிடித்தான் நம்புறன். ஆனால் நம்புறது வேறை, தெரியிறது வேறை. நீ தெரியுமோ எண்டுதானே கேட்டனி."

ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். அழப் போகிறாள் என்று நினைத்து அவளை அணைக்கக் கையை நீட்டினேன். அவளோ, சோதனை முடிந்து வெளியே வந்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நான் நினைச்சன், உங்கள் எல்லாருக்கும் தெரியும், அம்மா அங்கை இருக்கமாட்டா, அதைத்தான் எனக்குச் சொல்லாமல் ஒளிக்கிறியள் எண்டு."

ரீச்சர் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"தெரியாதெண்டால் பரவாயில்லை," என்றாள் ஆரணி. "அப்ப எனக்கு ஞானஸ்நானம் தாங்கோ."

இரண்டு வருடம் மறுமொழி தேடி, ஃபாதரிடம் போய், பருத்தித்துறையில் ஒரு சிஸ்டரிடம் போய், ஒருமுறை பஸ் பிடித்து யாழ்ப்பாணத்தில் ஒரு வயதான கத்தோலிக்கச் சுவாமியிடமும் போய் வந்த மனுசி அவர். பிள்ளை எதிர்பார்த்துக்கொண்டிருந்ததோ ஒரே ஒரு சொல்லை. அது முதல் நாளே அவர் வாயில் இருந்தது. "பாப்பம்" என்பதற்குப் பதிலாகத் "தெரியாது" என்று சொல்லியிருந்தால், என் கணவர் முதல் லீவிலேயே மகளின் ஞானஸ்நானத்தைப் பார்த்திருப்பார். ரீச்சருக்கும் அது விளங்கியது. முகத்தை நாடாவால் துடைத்தார். அது கைலேஞ்சி இல்லை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஞானஸ்நானம் ஒரு ஞாயிறு காலைப் பூசையில் நடந்தது. சட்டை முதல்நாள் மாலை வந்துசேர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஆரணி, ஞானத்தாயாக ரீச்சர்தான் நிற்க வேண்டும் என்றாள். நின்றார். அவர் கையைத் தோளில் வைத்திருக்க, ஃபாதர் தண்ணீர் வார்த்தார். என் கணவர் கைத்தொலைபேசியில் இருந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்று பார்த்தார். தண்ணீர் வார்க்கிற நேரம் பார்த்துப் படம் உறைந்து நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடி, ஒரு கண் மூடி ஒரு கண் திறந்தபடி அவருடைய முகம் என் கையில் அசையாமல் இருந்தது. அது திரும்ப அசைந்தபோது, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். முடிந்துவிட்டது.

முதல் நன்மை வாங்கிவிட்டு ஆரணி, அன்று மட்டும் பூசைக்குள் வந்திருந்த என் பக்கத்தில் வந்து முழங்காலில் நின்றாள்.

"எப்பிடி இருந்தது?" என்று மெதுவாகக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்த, எனக்கு என்றுமே தெரியவராத ஒரு விசயம் அது.

"உப்பில்லாத அப்பளம் மாதிரி," என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் இருந்தாள். கேக் ஒரு தட்டுத்தான் செய்திருந்தோம். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

என் கணவர் ரீச்சரை மன்னிக்கவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லாயிருக்கும். ஆனால் ரீச்சர் அந்த மழைநாளில் கண்டுபிடித்ததை விட மனமில்லாமல், அடுத்த தொகுதிப் பிள்ளைகளின் முதல் வகுப்பையே இப்படித் தொடங்கினாராம்: "எனக்குத் தெரியாததுகள் கொஞ்சம் இருக்கு. முதலிலை அதுகளைச் சொல்லுறன்." சின்னப் பிள்ளைகள் செத்தால் ஏன் என்று தெரியாது. யுத்தத்தில் காணாமல் போனவர்கள் எங்கே என்று தெரியாது. மற்றச் சமயக்காரரைக் கடவுள் என்ன செய்வார் என்று தெரியாது. ஆனால் இவ்வளவும் தெரியாமலே தான் ஒவ்வொரு நாளும் செபம் சொல்லுகிற காரணத்தைச் சொல்வதாகச் சொன்னாராம். அந்தக் காரணத்தை யார் கேட்டார்கள்? பிள்ளைகள் வீட்டுக்குப் போய் முதல் பாதியைத்தான் சொன்னார்கள்.

பெற்றோர் ஃபாதரிடம் போனார்கள். "தெரியாதெண்டு சொல்லுறதுக்கு ஒரு ரீச்சர் வேணுமோ ஃபாதர்? அதுக்கு நாங்கள் வீட்டிலை இருக்கிறம்தானே," என்றாராம் ஒரு தகப்பன்.

வருடக்கணக்காகப் பிள்ளைகளை மறித்து வைத்திருந்தபோது ரீச்சரை ஒருவரும் நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்லத் தொடங்கிய மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். ஃபாதர் நல்லவர். ஏச்சில்லை, பேச்சில்லை. பூசை முடிவில் பொன்னாடை போர்த்தி, நீண்டகாலச் சேவைக்கு நன்றி சொல்லி, ஒரு சுவர் மணிக்கூடு பரிசாகக் கொடுத்தார். அதில் ஒரு பகிடியும் நினைத்திருக்க மாட்டார். சபைக்காரர் யாரோ கடையில் அவசரத்தில் வாங்கியது. சனம்தான் சிரிப்பை அடக்கக் கஷ்டப்பட்டது. ரீச்சர் மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரித்தபடி வந்து இருந்தார்.

இப்போது மடிக்கணினியோடு ஒரு இளம் பெடியன் வகுப்பு எடுக்கிறான். கெட்டிக்காரன். ஆறு மாதத்தில் ஒரு தொகுதி முடிகிறது. எந்தக் கேள்விக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மறுமொழியை ஒரே குரலில் சொல்லுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மணிக்கூடு கொடுத்ததற்கு ஒரு மாதம் கழித்து ரீச்சரைப் பார்க்கப் போனேன். யாருடைய கலியாணத்துக்கோ சட்டை வெட்டிக்கொண்டிருந்தார். மணிக்கூடு சுவரில் இருந்தது. பற்றறி போடவில்லை.

"கவலையோ ரீச்சர்?"

"கவலைதான். இல்லையெண்டால் பொய்." கத்தரிக்கோலை வைத்தார். "ஃபாதரிலை பிழையில்லை. சனம் பயந்திட்டுது. நானும் பயந்துதானே உங்கடை பிள்ளைக்கு அவ்வளவு காலமும் சொல்லேல்லை."

ரோட்டில் ஐஸ்பழ வான் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"உங்களுக்கு என்ன நடக்குமெண்டு நீங்கள் நினைக்கிறியள்?"

"எதைச் சொல்லுறியள்?"

"பிள்ளை கேட்டதைத்தான். உங்களைப் பற்றி ஃபாதரிட்டைக் கேட்டன், சிஸ்டரிட்டைக் கேட்டன், ஆண்டவரிட்டையும் கேட்டன். உங்களிட்டைக் கேக்க மறந்துபோனன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. என் மாமியார் வீட்டில் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். நான் எங்கே போவேன் என்று கவலைப்பட்டவர்கள் பலர். என்னைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் உதுகளைப் பெரிசா யோசிச்சதில்லை ரீச்சர். எங்கடை அப்பா தோட்டக்காரர். வெங்காயம், புகையிலை. அவர் செத்தாப் பிறகு அந்தியேட்டி செய்தம், வருசா வருசம் திவசம் செய்யிறம். எங்கை போனவர் எண்டு நான் ஒருநாளும் ஐயரிட்டைக் கேக்கேல்லை. ஆனால் தோட்டத்துப் பக்கம் நிக்கேக்கை, பக்கத்துக் காணிக்காரர் மோட்டார் போட்டு இறைக்கிற சத்தம் கேட்டால், அப்பா வாய்க்கால் தலைப்பிலை மண்வெட்டியோடை நிக்கிறார் எண்டு திரும்பிப் பாப்பன். நிக்கிற மாதிரித்தான் இருக்கும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ரீச்சர் ஆண்டவர் என்றோ, இரக்கம் என்றோ, மோட்சம் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. கத்தரிக்கோலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "என்னை ஒருநாள் அங்கை கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று கேட்டார்.

அவருடைய 'ஒருநாள்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? ஓம் என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். வந்த சனிக்கிழமை காலை, ஆரணியைக் கூட்டிக்கொண்டு நான் பஸ் நிலையத்துக்குப் போனால், ரீச்சர் வெளுத்த சேலை உடுத்து, குடையோடு அங்கே நிற்கிறார்.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அம்மா தேத்தண்ணி கொடுத்தார், ஆஞ்சநேயர் கோயில் வடையும் கொடுத்தார். ரீச்சர் வடையை ஒரு தயக்கமும் இல்லாமல் சாப்பிட்டார். தோட்டத்துக்குப் போனால் மோட்டார் ஓடவில்லை. கரண்ட் இல்லை. எப்ப வரும் என்று பக்கத்துக் காணிக்காரருக்கும் தெரியவில்லை.

"பரவாயில்லை," என்று ரீச்சர் வரம்பில் குடையை விரித்துக்கொண்டு இருந்தார். செம்மண் சேலையில் படிவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஆரணி வெங்காயத் தாளை ஒடித்து மணந்து பார்த்துக்கொண்டு திரிந்தாள். அம்மா என்னை ஒருபக்கம் கூப்பிட்டு, "உவ என்னத்துக்கு வந்தவ?" என்று கேட்டார்.

"தோட்டம் பாக்க."

"உதிலை பாக்க என்ன கிடக்கு?"

மத்தியானம் ஆனது. சாப்பிட்டோம். ரீச்சர் மறுபடி போய் வரம்பில் இருந்தார். கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோம் என்று நான் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றார். வெயில் சாய்ந்து பனைகளுக்குக் கீழே வந்த நேரத்தில், எங்கேயோ ஒரு வீட்டில் வானொலி திடீரென்று பாடியது. அடுத்த காணியில் மோட்டார் ஒருமுறை முனகி, பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. தண்ணீர் குழாயால் பாய்ந்து வாய்க்காலுக்குள் விழுந்தது.

பழக்கத்தில் நான் திரும்பிப் பார்த்தேன்.

வரம்பில் இருந்த ரீச்சரும், குடையைச் சரித்துக்கொண்டு, நான் பார்த்த பக்கமே திரும்பிப் பார்த்தார்.